முன்றில்

இலக்கணப்போலிக்கு எடுத்துக்காட்டாக 'முன்றில்' என்ற சொல்லை 18 ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகிறோம், கணவனும் மனைவியுமாய், வேறு வேறு கல்லூரிகளில். 'இல்முன்' என்பதே முறைமாறி அவ்வாறாயிற்று. நாங்கள் குடியிருந்ததென்னவோ முன்னும் பின்னும் ஏதுமற்ற இரண்டாம் மாடி வாடகை வீடு.

சென்ற தையில் கும்பகோணத்தை அடுத்த சிற்றூரொன்றில் பழைய ஓட்டு வீட்டை வாங்கினோம். வீடு மூன்றே அறை; வாசலும் கொல்லையுமாக வெற்றுமண் 17 சென்ட். வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் சுண்ணாம்புச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கட்டடத்துக்கு மதிப்பில்லை சார், மண்ணுக்குத்தான் கடன்" என்றார். தரகரோ, கொல்லையை மூன்று மனையாக்கி விற்றால் கடனே தேவைப்படாது என்றார். தடுமாறத்தான் செய்தோம். மகளின் படிப்புச் செலவு கண்முன் நின்றது.

பத்திரப் பதிவன்று கைரேகை வைத்துவிட்டு வெளியே வந்த மூதாட்டி, பணத்தைப் பற்றிப் பேசவில்லை. "நார்த்தங்காய் காய்க்கிறப்ப, ஊறுகாய் போட நாலு குடுத்தனுப்புவீங்களா தம்பி?"

அந்த மரம் நிற்பது தரகர் கோடு கிழித்த மூன்றாவது மனையில்.

அனுப்புகிறோம் என்றோம். ஓடு மாற்றக் கையில் பணமில்லை; மழை பெய்தால் நான்கிடத்தில் பாத்திரம் வைக்கிறோம். நார்த்தை இப்போது பூத்திருக்கிறது.