கிளிமூக்கு மாங்காயும் மூணு நாள் பயிற்சியும்

மாம்பழம்னதும் நாக்கைச் சப்புக்கொட்டிட்டு வந்துடாதீங்க மக்களே. இது கொஞ்சம் கணக்கு சமாச்சாரம்.

எங்க ஊரு கிருஷ்ணகிரி பக்கம். இங்க தோப்பு தோப்பா நிக்கிறது கிளிமூக்கு மாமரம். பெங்களூரா, தோத்தாபுரின்னும் சொல்லுவாங்க. மல்கோவா, இமாம்பசந்து மாதிரி ஆசையா அறுத்துத் தின்கிற ஜாதி இல்லை. பெரும்பாலும் கூழ் ஆலைக்குத்தான் போகும். ஆலை சொல்றதுதான் விலை. 2025 சீசன்ல விலை சரிஞ்சப்ப பக்கத்துச் சித்தூர்ல, ஆலைக்காரங்க கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்கட்டும், மேல 4 ரூபாய் நாங்க தர்றோம்னு ஆந்திர அரசே இறங்கி வரவேண்டியதாப் போச்சு.

என் சித்தப்பா பையன் ஓசூர்ல பார்த்த வேலையை விட்டுட்டு, நாலு ஏக்கர் தோப்பைக் கையில எடுத்திருக்கான். மூணு நாள் பயிற்சி ஒண்ணுக்கும் போயிட்டு வந்தான். நல்லாவே சொல்லிக் கொடுத்திருக்காங்க. அறுவடை முடிஞ்சதும் கவாத்து, பழ ஈக்கு மருந்தடிக்காம பொறி வைக்கிறது, காயைக் காம்போட பறிச்சுப் பால் வடிய விடறது, இப்படி. அப்புறம் அடர் நடவு. 10 மீட்டர் இடைவெளின்னா ஏக்கருக்கு 40 மரம். 5 மீட்டர்னா 160.

"160 மரத்துக் காயை யார் வாங்குவாங்கன்னு கேட்டேண்ணா. அது இந்தப் பயிற்சியில வராது தம்பின்னுட்டாங்க"ன்னான்.

எனக்கு இடிக்கிறது இங்கதான். ஆலைக்குப் போற அதே காயை ஊரே கூடுதலா விளைவிச்சா விலை இறங்கத்தானே செய்யும்? மண்ணும் தண்ணியும் கெடாம இருந்தா மட்டும் போதுமா? விவசாயி அடுத்த வருஷமும் தோப்புல நிக்கணுமில்ல!

சொல்லிக் கொடுக்க விஷயமா இல்லை? பழைய மரத்தைப் பிடுங்காம, கிளையை வெட்டிவிட்டு, வர்ற துளிர்ல வேற ரகத்தை ஒட்டுக் கட்டலாம். மறுபடி காய்ப்புக்கு வர சில வருஷம் ஆகும். அதனால கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாத்தணும். கார்பைடு கல் வச்சுப் பழுக்க வைக்கத் தடை இருக்கு. எத்திலீன் வாயு 100 பிபிஎம் வரைக்கும் அனுமதி. பத்துப் பேர் சேர்ந்தா ஒரு பழுக்க வைக்கிற அறை போடலாம், தரம் பிரிச்சுப் பெட்டியில அடைச்சு ஓசூர், பெங்களூர் வீடுகளுக்கே அனுப்பலாம். பெட்டி என்ன விலை, வண்டி வாடகை எவ்வளவு, அழுகினது போக கையில என்ன நிக்கும்? இதையும் ஒரு நாள் உட்கார வச்சுச் சொல்லித் தரலாமே.

தம்பி, இருக்கிற 160 மரத்துல 20 மரத்தை மட்டும் இமாம்பசந்துக்கு மாத்தப் போறான். "காய்க்கிற மரத்துல ரம்பம் வைக்கிறியேடா"ன்னு சித்தப்பா ரெண்டு வாரமா அவன்கிட்ட பேசறதில்லை. இவன் அசரலை. அந்த 20 மரத்துல இழக்கப்போற வருமானத்தை ஒரு நோட்டுல முதல் வரியா எழுதி வச்சிருக்கான்.

அந்த நோட்டைப் பார்த்ததுல எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கு. உங்க ஊர்ல இப்படி ஒட்டு மாத்தினவங்க யாராவது இருந்தா, எத்தனை வருஷத்துல காசு பார்த்தாங்கன்னு கேட்டுச் சொல்லுங்களேன். சித்தப்பாகிட்ட காட்டணும் :-)