சோயாவும் ஆடவரும்

சோயா அவரை சீனதேசத்துப் பழம்பயிர். ஆயினும் "சோயா" என்னும் பெயர், அவரையிலிருந்து வடிக்கும் சாற்றைக் குறிக்கும் "ஷோயு" என்ற யப்பானியச் சொல்லிற் பிறந்து, ஒல்லாந்தர் வாயிலாக ஐரோப்பா சென்று, பின்னர் நம்மை வந்தடைந்தது. எண்ணெய் நீக்கிய அதன் மாவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பிழிந்து உலர்த்திய துண்டுகளை நம் நாட்டார் "சோயா மீற்" என்கின்றனர். புலாலுண்ணாச் சைவர் வீட்டில் இறைச்சியின் பெயர் தாங்கிய கறி! இவ்வாராய்ச்சி தமிழாசிரியனுக்கு இனிக்கும். மாணவர்க்கோ வேறு கவலை.

2022 ஆம் ஆண்டு விலைவாசி ஏறிய காலத்தில், முட்டையும் பருப்பும் பல குடும்பங்களுக்கு எட்டாதனவாயின. விடுதியிலும் சோயாக் கறியே அடிக்கடி வந்தது. உயர்தர வகுப்பு மாணவர் சிலர் அதனைக் கோப்பையோரத்தில் ஒதுக்கிவிட்டு வெறுஞ் சோற்றை உண்பதைக் கண்டேன். காரணம் வினவியபோது நாணித் தலைகுனிந்தனர். பின்னர் ஒருவன், "சேர், இதைச் சாப்பிட்டால் ஆண்மை குறையுமாம்" என்றான். காய்ந்த சோயா அவரை 100 கிராமில் ஏறக்குறைய 36 கிராம் புரதம் உண்டு. வளரும் பிள்ளைகள், கைக்கெட்டிய அப்புரதத்தை அச்சத்தால் இழப்பது என்னை வருத்தியது.

அவ்வச்சம் முற்றும் வேரற்றதன்று. சோயாவிலுள்ள ஐசோபிளேவோன் என்னும் பொருள்கள் பெண்மை ஓமோனாகிய ஈஸ்திரஜனை வடிவில் ஓரளவு ஒத்தவை. ஆனால் உடலில் அவற்றின் வினை மிக மெலிது. அமெரிக்காவில் நாள்தோறும் ஏறக்குறைய மூன்று லீற்றர் சோயாப் பால் அருந்திய 60 வயதினர் ஒருவருக்கு மார்பு வீங்கியதென 2008 இல் மருத்துவ இதழொன்று அறிவித்தது. அதனை நிறுத்தியதும் மார்பு நோவு தணிந்தது. மூன்று லீற்றர் பசுப்பாலைத்தான் யார் நாள்தோறும் குடிப்பர்? அவ்வாண்டே வெளிவந்த வேறோர் ஆய்வு, சோயா மிகுதியாக உண்டோரிடம் விந்தணுச் செறிவு குறைந்திருந்ததென்றது. ஆராயப்பட்டோர் 99 பேரே. அவர்களும் மகப்பேற்றுச் சிகிச்சை நாடிய தம்பதியரைச் சேர்ந்தவர்கள். 2021 இல் 41 ஆய்வுகளை ஒருங்குசேர்த்து நோக்கியவர்களோ, சோயா உண்பதால் ஆடவரின் தெஸ்தெஸ்தெரோன் குறையவுமில்லை, ஈஸ்திரஜன் கூடவுமில்லை எனக் கண்டனர். இதனை மாணவர்க்கு எடுத்துரைத்தேன். சிலர் உண்டனர், சிலர் சுவை பிடிக்கவில்லை என்றனர். அது நேர்மையான காரணம், அதற்கு மறுப்பில்லை.

இம்மலரை விரிக்கும் பழைய மாணவருட் பலர் என்னைப் போல் நாற்பதைக் கடந்தவர்கள். இறைச்சிக்கு ஈடாகச் சோயாவைக் கொண்டால் தீய கொழுப்புச் சிறிது குறையும். பைக்கற்றில் வரும் சுவைத்தூளில் உப்பு மிகுதி; இரத்த அழுத்தமுடையோர் அதனை எறிந்துவிட்டு, வீட்டுத் தூளிட்டுச் சமைக்கலாம். தைரொயிட் குறைபாட்டுக்குத் தைரொக்சின் குளிசை எடுப்போர் அதனுடன் சேர்த்துச் சோயா உண்ணலாகாது. குளிசை உடலிற் சுவறுவதை அது தடுக்கும். எத்துணை நேரம் இடைவெளி விடவேண்டுமென்பதைத் தம் வைத்தியரிடம் கேட்டறிக.