அம்பிகாபதி கதையும் அப்பாயி கணக்கும்

அம்பிகாபதி - அமராவதி கதை தெரியாத வீடு எங்கள் தஞ்சைப் பக்கத்தில் அநேகமாக இருக்காது. கம்பர் பிறந்த ஊர் என்று சொல்லும் தேரழுந்தூர் மாயவரத்துக்குப் பக்கம்தான். அதனாலேயோ என்னவோ, அவர் மகனுக்கு நேர்ந்தது எங்களுக்குச் சொந்தக்காரர் வீட்டுத் துக்கம் மாதிரி!

தெரியாத இளம் சகோதரிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பர் மகன் அம்பிகாபதியும் சோழ ராஜா மகள் அமராவதியும் காதலிக்கிறார்கள். ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. 'காதல் வாடையே இல்லாமல் நூறு பாட்டுப் பாடு. பாடினால் பெண், தவறினால் தலை' என்று பந்தயம் வைக்கிறார். அவனும் பாடுகிறான். மறைவில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்த அமராவதி, கடவுள் வாழ்த்தையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறாள். நூறு முடிந்தது என்று ஆசையாக எட்டிப் பார்க்கிறாள். ஆனால் முடிந்தது தொண்ணூற்றொன்பதுதான். அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் வாயில் காதல் பாட்டு வந்துவிடுகிறது. அவன் தலை போகிறது. அவளும் உயிரை விடுகிறாள்.

சரித்திரத்தில் இதற்குச் சான்று கிடையாது, வழிவழியாக வந்த கதைதான். ஆனால் நாடகமாகப் போட்டாலும் சினிமாவாக எடுத்தாலும் ஜனங்கள் அழுதார்கள். 1937-ல் தியாகராஜ பாகவதர் நடித்து அம்பிகாபதி படம் வந்தது. எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்கர் இயக்கினார். ஷேக்ஸ்பியரின் ரோமியோ - ஜூலியட் நாடகத்தில் வரும் உப்பரிகைக் காட்சி போலவே அதில் ஒரு காட்சி உண்டு. இளங்கோவன் அதற்குத் தமிழில் வசனம் எழுதினார். மறுபடியும் 1957-ல் சிவாஜி கணேசனும் பானுமதியும் நடித்து வந்தது.

இத்தனை பேர் அழ வைத்த கதையை எங்கள் பூதலூர் வீட்டில் என் மாமியார் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். அவருக்கு எழுபத்தைந்து வயசு. பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரைக்கும்தான். என் பெண்ணும் பையனும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, ராத்திரி சோறு பிசைந்து கையில் உருட்டிக் கொடுத்துக்கொண்டே சொல்வார்.

அவர் கதையில் அமராவதிக்குப் பக்கத்தில் அரண்மனைச் சமையல்கட்டுக் கிழவி ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். ஒரு பாட்டுக்கு ஒரு புளியங்கொட்டை என்று எடுத்து வைப்பாள். அமராவதி அவசரமாக எழுந்திருக்கும்போது அவள் பின்னலைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாள்.

"உட்காரு ஆத்தா! கடவுள் வாழ்த்தைக் கணக்குல சேத்துட்டியா? இது என்ன களத்து நெல்லா, லாபத்தை ஒண்ணுன்னு வைக்க?"

நெல் அளக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே சிரிப்பு வந்துவிடும். எங்கள் களத்தில் மரக்கால் போடும்போது 'ஒன்று' என்று ஆரம்பிக்கிற வழக்கம் கிடையாது. 'லாபம், ரெண்டு, மூணு' என்றுதான் எண்ணுவார்கள். நெல் விளைகிற சீமையில் வளர்ந்த ராஜகுமாரி, முதல் பாட்டை லாபக் கணக்கில் போட்டுவிட்டாளாம்!

கதை அதோடு நிற்காது. காதலே இல்லாத பாட்டு நூறைக் கேட்டுக் கேட்டு ராஜாவுக்கே கொட்டாவி வந்துவிடும். பொறாமையில் கோள் மூட்டிய ஒட்டக்கூத்தரே எழுந்து, "மகாராஜா, போதும்! இன்னும் ஒரு பாட்டு என்றால் என் உயிர் போய்விடும், பெண்ணைக் கொடுத்துவிடுங்கள்" என்று கும்பிடுவார். கல்யாணச் சாப்பாட்டில் கிழவிக்கு முதல் இலை!

என் பெண் வளர்ந்த பிறகும், "அப்பாயி, இதை அப்படியே ஒரு காதல் நாவலா எழுதிடலாம். புளியங்கொட்டைக்கே நாலு அத்தியாயம் வரும்" என்று கேலி செய்வாள்.

முடிவை மாற்றுவது புதுசும் இல்லை. ஷேக்ஸ்பியரின் லியர் ராஜா நாடகத்தில் கடைசி மகள் கார்டீலியா செத்துப்போவாள். 1681-ல் நஹூம் டேட் என்பவர் அதைத் திருத்தி, அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்து, ராஜாவுக்கு ராஜ்ஜியத்தையும் திரும்பக் கொடுத்துவிட்டார். இங்கிலாந்து மேடைகளில் ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் அந்த முடிவுதான் ஓடியது. நம் காலத்திலும் ஒன்று நடந்தது. 2013-ல் தனுஷ் நடித்த ஹிந்திப் படம் தமிழில் அம்பிகாபதி என்ற பெயரிலேயே வந்தது. கடைசியில் கதாநாயகன் இறந்துவிடுவான். 2025 ஆகஸ்டில் படக் கம்பெனி, செயற்கை நுண்ணறிவை வைத்து அவன் பிழைத்து எழுவதாக மாற்றி மறுபடியும் வெளியிட்டது. இயக்குநர் ஆனந்த் எல். ராயும் தனுஷும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

எனக்கும் அது பிடிக்கவில்லை. செத்தவனைச் சும்மா எழுப்பி உட்கார வைத்தால் யாருக்கு என்ன புத்தி வரும்? என் மாமியார் யாரையும் எழுப்பவில்லை. சாவதற்கு முன்னால் எந்த இடத்தில் ஒரு கை நீண்டிருக்கலாம் என்று காட்டினார். இரண்டும் ஒன்றில்லை என்பது போன வருஷம்தான் எனக்கு நன்றாகப் புரிந்தது.

என் பெண் தஞ்சாவூரில் வேலை பார்க்கிறாள். தினமும் ரயிலில் போய் வருவாள். ஒரு நாள் ராத்திரி, கூட வேலை செய்யும் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுவதாகச் சொன்னாள். வேறு சாதி. என் வீட்டுக்காரர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தீர்ப்புச் சொன்னார். "ஒரு வருஷம் அவனோட போன்ல பேசக் கூடாது. ஆபீஸ்ல வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை கூடாது. இருந்து காட்டு, அப்புறம் பாக்கலாம்."

பெண் சரி என்று தலையாட்டிவிட்டாள். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. பந்தயம் வைக்கிற தகப்பன் பிள்ளை ஜெயிப்பதற்காகவா வைக்கிறான்? எப்போது தவறும் என்றுதானே காத்திருக்கிறான்!

மூன்றாம் மாசம் அது நடந்தது. பையனின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். என் பெண் கொல்லைப்பக்கம் நின்று போனில் விசாரித்ததை அவர் கேட்டுவிட்டார். "தவறிட்டா. இனிமே இந்தப் பேச்சே வேண்டாம்" என்றார். வீடே வாயடைத்து நின்றது.

திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்திருந்த என் மாமியார் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஏம்ப்பா, ஆஸ்பத்திரியில கெடக்குற தாயை எப்படி இருக்கான்னு கேட்டது கடவுள் வாழ்த்து மாதிரி. அது கணக்குல வராது."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். ஒரு வாரம் கழித்துச் சாப்பிடும்போது, யாரையும் பார்க்காமல், "அந்தப் பையன் அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்காம்?" என்று கேட்டார். பந்தயம் அன்றோடு போயிற்று. பிறகு பையன் வீட்டார் ஒரு முறை வந்து போனார்கள். இன்னும் தேதி குறிக்கவில்லை, பேச்சு நடக்கிறது.

இத்தனை காலமும் நாம் அமராவதியைத்தான் குற்றம் சொல்லி வந்திருக்கிறோம். அவசரப்பட்டாள், எண்ணத் தெரியவில்லை என்று. பெற்ற பெண்ணின் வாழ்க்கையையும் இன்னொருத்தர் பிள்ளையின் தலையையும் ஏன் பந்தயத்தில் வைத்தாய் என்று ராஜாவை யாரும் கேட்பதில்லை. அழும்போது கேள்வி கேட்கத் தோன்றுவதில்லை, சிரிக்கும்போது தோன்றுகிறது. சாதி மாறிக் காதலித்ததற்காகப் பெற்றவர்களே பிள்ளைகளைக் கொன்ற செய்தி இன்றைக்கும் பேப்பரில் வருகிறதே, அதைப் படித்துவிட்டு யோசித்துப் பாருங்கள்.

அதனால், இளம் தாய்மார்களே, பிள்ளைகளுக்கு இந்தக் கதையை முதலில் உள்ளபடியே சொல்லுங்கள். அழட்டும். மறுநாள் என் மாமியார் மாதிரி மாற்றிச் சொல்லுங்கள். அந்தக் கிழவிக்கு உங்கள் பாட்டியின் பேரை வையுங்கள், உங்கள் பேரையே வைத்தாலும் சரிதான். பழைய கதையில் அமராவதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எண்ண ஒருத்தர் இல்லாமல் போனார்கள். நம் வீட்டில் அந்த இடம் காலியாக இருக்க வேண்டாம்.