நான் மறைத்த பாதி

கெல்டிக் ராக் இசையை நண்பர்களுக்கும் சிற்றிதழ் வாசகர்களுக்கும் பல வருடங்களாக அறிமுகம் செய்து வந்திருக்கிறேன். அதில் பாதியைத் தெரிந்தே மறைத்தேன். ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், பிரெத்தோன் ஆகிய கெல்டிக் மொழிகளின் பாட்டுகளை ஒதுக்கிவிட்டு, ஆங்கிலப் பாட்டுகளை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

என் அறிமுகங்கள் எல்லாம் ஒரே தடத்தில் போகும். பழைய அயர்லாந்துப் பாட்டான 'விஸ்கி இன் த ஜார்' 1972-ல் தின் லிஸி குழுவின் மின்கிட்டாருக்கு வந்ததில் தொடங்குவேன். அடுத்து டப்ளினின் ஹார்ஸ்லிப்ஸ். அவர்களுடைய 1973 இசைத்தட்டு 'த டாய்ன்', கூஹுலின் என்ற வீரனும் ராணி மேவும் வருகிற பழங்கதையை ராக்கில் சொன்னது. அதிலுள்ள 'டியரக் டூம்' பாட்டின் கிட்டார் வரி, ஓ'நீல் படையின் பழைய அணிவகுப்பு மெட்டு. அந்த மெட்டு மின்கிட்டாரில் எப்படி உட்கார்ந்தது என்று சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நேரம் போவதே தெரியாது. கடைசியாக, 1982-ல் லண்டனில் உருவான போக்ஸ் குழுவும் அதன் பாடகர் ஷேன் மெகவனும். அத்தோடு முடித்துவிடுவேன்.

புரியாத மொழியில் பாடினால் யார் கேட்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொறுமை இல்லாதவன் நான்தான். ஸ்காட்லாந்துக் குழுவான ரன்ரிக்கின் இசைத்தட்டுகளில் கேலிக் பாட்டு வந்தால் அடுத்ததற்குத் தாவிவிடுவேன். பாட்டின் பொருளைத் தேடிப் படிக்கச் சோம்பல். கடைப் பலகையில் தமிழ் இல்லை, பிள்ளைகள் வாயில் தமிழ் இல்லை என்று கோபமாக எழுதியதும் இதே கைதான். இதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ரன்ரிக் 1973-ல் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் பிறந்த குழு. ரோரி, காலம் மெக்டொனால்டு சகோதரர்கள்தான் அதற்குப் பாட்டு எழுதினார்கள். 1978-ல் வந்த முதல் இசைத்தட்டின் பெயரே 'ப்ளே கேலிக்'. முழுக்கக் கேலிக் பாட்டுகள். ராக் அதில் மென்மையாகத்தான் இருக்கும். 1995-ல் அவர்களுடைய 'அன் உவல் அஸ் ஆர்ஜ' என்ற பாட்டு, ஒரு பீர் விளம்பரத்தில் ஒலித்த பிறகு, பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 18-ஆம் இடத்துக்கு வந்தது. 2011 கணக்கெடுப்பின்படி ஸ்காட்லாந்தில் கேலிக் பேசுபவர்கள் சுமார் 57,000 பேர். அத்தனை சின்ன மொழி அந்த உயரம் ஏறியது. அந்தப் பாட்டையும் நான் தாண்டிப் போயிருக்கிறேன்.

பிரெத்தோன் பேசப்படும் பிரான்சின் பிரிட்டனி பகுதியில், பள்ளியில் அந்தத் தாய்மொழியைப் பேசிய குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகத் தண்டிக்கப்பட்டார்கள். அங்கே வழக்கொழிந்த கெல்டிக் யாழை 1953-ல் மறுபடி செய்தவர் ஜோர்த் கொச்செவெலு. அதை வாசித்து வளர்ந்த அவர் மகன் ஆலன் ஸ்டிவெல், 1972 பிப்ரவரி 28 அன்று பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் மின்கிட்டாரும் டிரம்ஸும் சூழப் பிரெத்தோனில் பாடினார். வானொலி அதை நேரலையாக ஒலிபரப்பியது. வீட்டில் பேசவே கூச்சப்பட்ட மொழி, பாரிஸ் மேடையிலிருந்து இளைஞர்களின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.

இதையெல்லாம் படித்த பிறகுதான் என் அறிமுகங்கள் எவ்வளவு தலைகீழானவை என்று தெரிந்தது. பழைய மெட்டுக்குக் கிட்டார் புது வேகம் கொடுத்தது என்று எழுதினேன். ஸ்டிவெல்லும் மெக்டொனால்டு சகோதரர்களும் ராக் இசையைக் கையில் எடுத்தது, தங்கள் மொழி இளையவர்களிடம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவும்தான். மொழியைக் கழற்றிவிட்டு மெட்டை மட்டும் கையில் கொடுத்தேன். என்னை நம்பிக் கேட்டவர்கள் கெல்டிக் ராக் என்றால் மதுக்கடை ஆட்டப் பாட்டு என்றே நினைத்திருப்பார்கள்.

என் பட்டியலை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதில் 'ப்ளே கேலிக்' இசைத்தட்டையும் ஸ்டிவெல்லின் ஒலிம்பியா பதிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டின் பொருளை முதலில் படித்துவிட்டு, எதையும் தாண்டாமல் முழுதாகக் கேளுங்கள்.