ஃபார்மட் அடிக்கும் முன்...

தலைவலி என்றால் ஒரு மாத்திரை, மடிக்கணினி மக்கர் செய்தால் ஒரு ஃபார்மட். ஊரில் பாதி பழுதுக்கு இதுதான் வைத்தியம். "வைரஸ் ஏறியிருக்கும் தம்பி, ஃபார்மட் அடிச்சி விண்டோஸ் போட்டுட்டா புதுசு மாதிரி ஆயிடும்." வைரஸ்தான் காரணம் என்றால் ஆகும், தப்பில்லை. ஆனால் உள்ளே இருக்கும் வன்தட்டே (அதாங்க, ஹார்ட் டிஸ்க்) சாகக் கிடக்கிறது என்றால்? அப்போது அந்த வைத்தியம் நோயாளியைக் கொன்றுவிடும்.

பனமலையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரம் மாவட்டம், செஞ்சிப் பக்கம். ஏரி, மலை, மலைமேல் பல்லவர் கோயில். அந்த வீட்டில் அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி ஒன்று இருக்கிறது. அக்காவுக்குக் கல்யாணமாகி விழுப்புரம் போயாயிற்று, இப்போது அது தம்பிக்கு. பேட்டரி செத்துப் பல நாளாகிறது, சார்ஜர் செருகினால்தான் உயிர். அதனுள் தம்பியின் கல்லூரி புராஜெக்ட், சான்றிதழ்களின் ஸ்கேன், அக்கா கல்யாணப் படங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, போன வருடம் தவறிப்போன ஆயா பாடிய நடவுப் பாட்டு. அப்பாவின் செல்போனில் பதிந்தது. போனில் இடம் போதவில்லை என்று மடிக்கணினிக்கு மாற்றிவிட்டுப் போனில் அழித்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். "லேப்டாப்ல ஏத்தி வெச்சிருக்கோம், பத்திரமா இருக்கு" என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். ஏற்றிவிட்டு மூலத்தை அழித்தால் அது நகல் இல்லை. ஒரே பிரதி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதுவும் எங்கே மாறியிருக்கிறது? நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் ஒரு தட்டுக்கு!

வன்தட்டு எவ்வளவு வினோதமான பொருள் என்று நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. 1956இல் ஐபிஎம் முதல் வன்தட்டை விற்றபோது அதில் 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் 50 இருந்தன. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 5 எம்பிதான் கொள்ளும், இன்று ஒரு எம்பி3 பாட்டின் அளவு. மடிக்கணினியில் இருப்பது இரண்டரை அங்குல வகை. பளபளவென்று கண்ணாடி போல ஒரு தட்டு, அதன்மேல் காந்தப் பூச்சு. படிக்கிற முனை தட்டைத் தொடுவதில்லை. தட்டு சுழலும்போது எழும் காற்றில் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடியின் பருமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும் பெரிய தப்பில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது கட்டிலிலிருந்து நழுவி விழுந்தால், பைக்கில் தொடைமேல் வைத்து ஓடவிட்டபடி போனால், முனை தட்டை உரசிவிடும். உரசிய இடத்தில் பூச்சு போய்விடும். பூச்சு போன இடத்தில் தகவல் கிடையாது, எந்த மென்பொருளாலும் அதைத் திரும்ப வரைய முடியாது.

பனமலைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தாளகிரீசுவரர் கோயிலில் பல்லவர் கால ஓவியம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. ராஜசிம்மன் காலத்தது, ஏறக்குறைய 1300 வருடப் பழசு. குடைக்கீழ் மகுடத்தோடு ஒயிலாக நின்று சிவனின் ஆட்டத்தைப் பார்க்கும் தேவி. அவளைச் சுற்றிச் சுதை உதிர்ந்த இடமெல்லாம் வெறும் கல்தான். அங்கே என்ன இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதே ஊரில் இன்னொரு சங்கதியும் உண்டு. பனமலையில் ராஜசிம்மனின் வடமொழிச் செய்யுள் ஒன்று கல்லில் வெட்டியிருக்கிறது. அதே செய்யுள் காஞ்சி கைலாசநாதர் கோயில் கல்வெட்டிலும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கல்வெட்டுகளைப் படித்துப் பதிப்பித்த ஹூல்ஷ், இரண்டும் ஒன்றாக இருப்பதை வைத்துத்தான் பனமலையும் ராஜசிம்மன் வேலையே என்று முடிவு கட்டினார். ஓவியத்துக்கு நகல் இல்லை, செய்யுளுக்கு இருந்தது. (பல்லவன் பேக்கப் எடுத்து வைத்தான் என்று சொன்னால் வரலாற்று ஆசிரியர்கள் அடிக்க வருவார்கள். விடுங்கள்.)

சரி, மடிக்கணினிக்கு வருவோம். தட்டு சாகப் போகிறது என்று எப்படித் தெரியும்? ஒரு குறிப்பிட்ட கோப்புறையைத் திறந்தால் மட்டும் அப்படியே உறைந்து நிற்கும். கோப்பை நகலெடுத்தால் பாதியில் பிழை வரும். வட்டு விளக்கு அணையாமல் எரியும். காதை வைத்துக் கேட்டால் "டிக்... டிக்... டிக்". இந்த டிக் வந்துவிட்டால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். வன்தட்டுக்குள்ளேயே ஸ்மார்ட் என்று ஒரு நோய்க்குறிப்பேடு இருக்கிறது. கெட்டுப்போன துண்டுகள் எத்தனை, படிக்க முடியாமல் காத்திருப்பவை எத்தனை என்று தானே எழுதி வைத்துக்கொள்ளும். விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல், இரண்டுமே இலவசம், ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். ஆனால் எண்கள் நன்றாக இருந்தாலும் தட்டு திடீரென்று போகலாம். எண்கள் மோசமாக இருந்தால் நம்பலாம், நன்றாக இருந்தால் முழுக்க நம்ப வேண்டாம்.

இப்போது ஃபார்மட் விஷயம். விண்டோஸில் குயிக் ஃபார்மட் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது. பக்கங்கள் அப்படியே இருக்கும். ஆனால் அடுத்து விண்டோஸ் போடும்போது பல ஜிபி அந்தப் பக்கங்கள் மேலேயே எழுதப்படும், ஆயாவின் பாட்டு எந்தப் பக்கத்தில் இருந்ததோ யார் கண்டது. முழு ஃபார்மட் இன்னும் மோசம். விஸ்டா காலத்திலிருந்து அது ஒவ்வொரு துண்டிலும் சுழியத்தை எழுதிக்கொண்டே போகிறது, அதன்பிறகு மீட்க எதுவும் இல்லை. செக்டிஸ்க் ஓட்டிப் பார்க்கலாம் என்பார்கள். ஏற்கெனவே மூச்சு வாங்கும் தட்டை மணிக்கணக்கில் ஓடவைப்பது அது. நொண்டிக் காலோடு இருப்பவரை மலையேறச் சொல்கிற மாதிரி. இத்தனையும் தாண்டி விண்டோஸ் ஏறிவிட்டாலும் இரண்டு வாரத்தில் மறுபடி அதே கதைதான், ஏனென்றால் தட்டு அதே தட்டு.

ஆகவே முதல் வேலை நகல், அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம். விண்டோஸைக் கிளப்பவே வேண்டாம். அது கிளம்பும்போது தட்டில் ஓயாமல் எழுதும், படிக்கும். பென் டிரைவில் ஒரு லைவ் லினக்ஸ் போட்டு அதிலிருந்து கிளப்பினால் வன்தட்டைத் தொந்தரவு செய்யாமல் உள்ளே பார்க்கலாம். வரிசை முக்கியம்: திரும்பக் கிடைக்காதது முதலில். பாட்டு, புராஜெக்ட், சான்றிதழ், படங்கள். சினிமா கடைசியில், அல்லது வேண்டவே வேண்டாம். ஆயாவின் பாட்டு 6 எம்பிதான் இருக்கும், நல்ல நிலையில் இருந்தால் ஒரு நொடி வேலை. சினிமாக்களோடு சேர்த்து மொத்தமாக இழுத்துப் போட்டுவிட்டு, 40வது ஜிபியில் தட்டு மூச்சை விட்டால் அப்புறம் யாரை நோவது?

சில கோப்புகள் இழுத்தால் வராது. அதற்குக் குனு டிடிரெஸ்க்யூ என்று ஒரு நிரல் இருக்கிறது. கெட்ட இடத்தில் முட்டி மோதிக்கொண்டு நிற்காது. சுலபமாகப் படிக்க வருவதை எல்லாம் முதலில் இன்னொரு தட்டுக்கு எடுத்துவிட்டு, கஷ்டமான இடங்களுக்குப் பிறகு பொறுமையாகத் திரும்பி வரும். எதுவரை முடித்தது என்று ஒரு வரைபடக் கோப்பும் எழுதி வைக்கும், அந்தக் கோப்பை லைவ் லினக்ஸில் வைக்காமல் இன்னொரு தட்டிலேயே வைக்க வேண்டும். நடுவில் கரண்டு போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பேட்டரி செத்த மடிக்கணினிக்கு இதைவிட நல்ல நண்பன் கிடையாது. ஒரே எச்சரிக்கை: எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் வெற்றுத் தட்டு பழைய தட்டின் மேல் நகலாகிவிடும். எண்டர் தட்டுமுன் மூன்று முறை படிக்க வேண்டிய கட்டளை அது.

டிக் டிக் சத்தம் வந்தால் இதுவும் கூடாது. நிறுத்திவிட வேண்டும். தட்டைத் திறந்து மீட்கிறவர்கள் தூசி இல்லாத அறையில் செய்யும் வேலை அது, செலவும் அதிகம். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் வேலை செய்யும் என்று ஒரு பழைய நம்பிக்கை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம்ம ஊர் ஈரக் காற்றில் குளிர்ந்த தட்டை வெளியே எடுத்தால் சொம்பின் மேல் வேர்ப்பது போல வேர்க்கும். வேண்டாம்.

நகல் முடிந்துவிட்டதா? இனி மனசு லேசு. புதுத் தட்டு வாங்குவது பெரிய வித்தை இல்லை. இரண்டரை அங்குலம், சாட்டா இணைப்பு. அந்தக் கால மடிக்கணினிகளுக்கு அநேகமாக இவ்வளவுதான் (தடிமன் மட்டும் பார்க்க வேண்டும், 7 மில்லிமீட்டரும் உண்டு, 9.5ம் உண்டு). சென்னை ரிச்சி தெருவரை போகத் தேவையில்லை, விழுப்புரத்திலேயே கிடைக்கும். சுற்றுகிற வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி வாங்குவது நல்லது. சுற்றும் பாகமே இல்லாததால் ஆட்டம் அசைவுக்குப் பயப்படாது, பழைய மடிக்கணினிக்கும் புது உயிர் வரும். 320 ஜிபி என்று வாங்கிய தட்டு விண்டோஸில் 298 என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். செய்பவர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது. (சுற்றும் தட்டுகளின் விலை ஒரு காலத்தில் ஆடிய ஆட்டம் தனிக் கதை. அரசு மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15இல் தொடங்கியது. அடுத்த மாதமே தாய்லாந்தில் வெள்ளம், தட்டுத் தொழிற்சாலைகள் மூழ்கி, உலகம் முழுக்க விலை எகிறியது.)

கழற்றும்போது சார்ஜரை உருவி, பேட்டரியையும் எடுத்துவிட வேண்டும். திருகாணிகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமானதைக் குட்டையானதன் இடத்தில் முறுக்கினால் பலகையைக் குத்தும். இதற்கு ஓர் இட்லித் தட்டு போதும். எந்த மூலையில் கழற்றியதோ அந்தக் குழியில் போட்டு வைத்தால் குழப்பம் இல்லை. வன்தட்டைத் தூக்கக் கூடாது, பக்கவாட்டில் இழுத்தால் இணைப்பிலிருந்து நழுவி வரும்.

இனி இயங்குதளம். அரசு மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தது ஞாபகம் இருக்கலாம். சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கி 2007இல் வெளியிட்டது அது. கிளம்பும்போது கறுப்புத் திரையில் வரும் பட்டியலில் அந்த வரியைத் தொட்டே பார்க்காமல் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் ஏராளம். பழைய தட்டில் இருந்த மீட்புப் பகுதி தட்டோடு போய்விடும், விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரியிலும் 10க்கு 2025 அக்டோபரிலும் நின்றுவிட்டது. திருட்டு விண்டோஸைக் காசு கொடுத்து ஏற்றிக்கொள்வதைவிட ஒரு டெபியனோ பாஸோ இலவசமாகப் போட்டுக்கொள்வது எவ்வளவோ மேல். தனியாகச் செய்யப் பயமாக இருந்தால் விழுப்புரத்திலேயே குனு லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லிக்கொடுத்து வருகிறது. போடும்போது ஹோம் பகுதியைத் தனியாகப் பிரித்துவிட்டால் அடுத்த முறை இயங்குதளத்தை மட்டும் மாற்றலாம், கோப்புகள் தொடப்படாது.

எல்லாம் ஏறியபின் ஓர் அதிர்ச்சி காத்திருக்கும். அப்பாவுக்காக அக்கா தட்டச்சு செய்து வைத்த பட்டா மனுவைத் திறந்தால் ஒரே ஆங்கிலக் குப்பை. கோப்பு கெடவில்லை. அது பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு பழைய தட்டோடு போய்விட்டது. பாமினியில் "அம்மா" என்பது கணினியைப் பொறுத்தவரை எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த முகமூடியை மாட்டினால்தான் தமிழ். வானவில் போன்ற மற்ற எழுத்துருக்களுக்கும் இதே கதி. தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்ற பிறகும் இந்தப் பழைய எழுத்துருக்கள் தட்டச்சு நிலையங்களில் பல காலம் ஓடின. எனவே நகலெடுக்கும்போதே விண்டோஸின் ஃபாண்ட்ஸ் கோப்புறையையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும். பிறகு நிதானமாக ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிக்கொள்ளலாம்.

பழைய தட்டை உடனே காயலான் கடையில் போட வேண்டாம். மீட்டெடுத்த கோப்புகள் வெறும் பெயரோடு நிற்காமல் உண்மையிலேயே திறக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், பாட்டைக் கடைசிவரை ஓடவிட்டுக் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு பிரதி பென் டிரைவில், ஒன்று விழுப்புரத்தில் அக்கா வீட்டில். அக்கா வீட்டுப் பிரதி கட்டாயம். ஒரே அலமாரியில் இரண்டையும் வைத்தால் ஒரே மழையில் இரண்டும் நனையும். அத்தனையும் முடிந்தபின் பழைய தட்டைத் திறந்து பிரித்துப் போடலாம். உள்ளே இரண்டு காந்தங்கள் இருக்கும், விரலை நசுக்குகிற அளவு பலம், பார்த்து எடுக்கவும்.