பாட்டியின் சங்கிலியோடு கடைசிப் பந்தயத்துக்கு

"குதிரைப் பந்தயத்துக்கா போறே?" என்று கேட்ட அம்மா, அதன்பிறகு சற்று நேரம் பேசவே இல்லை.

2024 அக்டோபர் 5. 1842ல் தொடங்கிய மன்றத்தின் கடைசிப் பந்தய நாள். வானொலியில் அதைப் பற்றிப் பேசப்போகிற நான், ஒருமுறையாவது கிராஞ்சி திடலை நேரில் பார்க்க வேண்டாமா?

எதை உடுத்துவது என்பதுதான் குழப்பம். பந்தயம் என்றதும் இங்கிலாந்தின் ஆஸ்கட் திடலும், அங்கு பெண்கள் அணியும் இறகுத் தொப்பிகளும்தான் நினைவுக்கு வந்தன. தொப்பி எனக்குப் பொருந்தாது.

அலமாரி முன் நின்ற என்னிடம் அம்மா சொன்னார்: "உங்க தாத்தா கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையிலதான் போவார். அந்தச் சட்டை கொடியில காயறதைப் பார்த்தாலே பாட்டி முகம் வாடிடும்."

அப்போது பந்தயம் புக்கிட் தீமாவில். தாத்தா பஸ் ஏறிப் போவார். பெரும்பாலும் வெறும் பையோடு திரும்புவார். பாட்டியின் சங்கிலி இரண்டு முறை அடகுக்கடைக்குப் போனதாம். இரண்டு முறையும் வீட்டுவேலை செய்து பாட்டிதான் மீட்டார்.

அம்மா அந்தச் சங்கிலியை எடுத்து நீட்டினார். "போட்டுக்க. திரும்பக் கொண்டு வந்துடு."

பச்சைக் கைத்தறிச் சேலையும் அந்தச் சங்கிலியுமாகக் கிராஞ்சி எம்ஆர்டியில் இறங்கினேன். தொப்பி அணிந்த பெண்களும் இருந்தார்கள். பேனாவும் பந்தயத்தாளுமாக முதியவர்களும் இருந்தார்கள். குதிரைகள் கடந்தபோது வேலிக்கு இந்தப்பக்கமும் தரை அதிர்ந்தது. தாத்தாவைக் கட்டிப்போட்டது எது என்று கொஞ்சம் புரிந்தது.

ஃபேரர் பார்க்கில் தொடங்கி, 1933ல் புக்கிட் தீமாவுக்கும், 1999ல் கிராஞ்சிக்கும் இடம்மாறிய கதை இது. லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகும் ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அந்த முதல் திடலால்தான் அப்பெயர். கிராஞ்சி நிலம் 2027ல் அரசாங்கத்திடம் போகிறது, வீடுகள் வரும்.

கடைசிப் பந்தயம் 100வது தங்கக் கிண்ணம். அருகில் நின்ற வெள்ளைச் சட்டைப் பெரியவர், "எந்தக் குதிரைமேல கட்டுனேம்மா?" என்றார்.

"கட்டலை, அங்கிள்."

"நல்லதுதான்" என்றவர், தன் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீடு திரும்பியதும் அம்மா சங்கிலியை வாங்கி, கொக்கியைச் சரிபார்த்துப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "குதிரைங்க அழகா இருந்துச்சா?"