ஓடியவன் யார்?

பிறர் பிள்ளையின் கால்களைக் கொண்டு தன் ஓட்டத்தை ஓடி முடிக்க விரும்பும் ஆசிரியரும் உளர் என்றால் வாசகர் நகைக்கலாம். நானும் அவர்களுள் ஒருவனாயிருந்தேன்.

கனடிய உளவியலாளர் ரொபேர்ட் வலெரான்ட் முதலானோர் 2003ஆம் ஆண்டில் வேட்கையை இருவகையாக வகுத்தனர். ஒன்று வாழ்வின் ஏனைய பகுதிகளோடு இசைந்து நிற்பது; மற்றது மனிதனையே ஆட்டிப்படைப்பது. முதல்வகை வேட்கையுடைய பயிற்றுநரிடமே வீரருக்கு நல்லுறவும் மனமகிழ்ச்சியும் வாய்க்கின்றன என்பது பின்வந்த ஆய்வுகளின் முடிபு. நான் எவ்வகை என்பதை எனக்கு உணர்த்தியவர் ஒரு தாயார்.

இரத்மலானையில் கல்லூரி விட்டபின் மாணவரை 400 மீற்றர் ஓட்டத்துக்குப் பழக்குவது சில ஆண்டுகள் என் பொறுப்பாயிருந்தது. வெள்ளவத்தையிலிருந்து வந்த மாணவன் ஒருவன் நன்றாக ஓடுவான். விமானத்தளத்துப் பக்கம் இருள் சூழும்வரை அவனை விடமாட்டேன். இளமையில் எனக்குக் கிட்டாத பதக்கம் அவன் கழுத்திலாவது விழவேண்டுமென்பதே என் எண்ணம். போட்டியில் அவன் நான்காவதாக வந்தான். நான் ஏசவில்லை; ஒரு கிழமை அவனோடு பேசவேயில்லை. ஏசியிருந்தாற்கூட நன்றாயிருந்திருக்கும்.

தாயார் வந்தார். "சேர், ஓட்டமுள்ள நாட்களில் காலைத் தேநீர்கூட அவன் வயிற்றில் தங்குவதில்லை. இப்போது தோற்றதற்காக அவன் அழவில்லை, நீங்கள் முகங்கொடுத்துப் பேசவில்லையென்றே அழுகிறான்" என்றார்.

அன்றிரவு பி. ரி. உஷாவின் நினைவு வந்தது. 1984ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில், 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில், ஒரு செக்கனின் நூறிலொரு பங்கினால் வெண்கலத்தை இழந்தவர் அவர். பள்ளிப் பருவத்திலிருந்தே அவரைப் பழக்கிய ஓ. எம். நம்பியாருக்கு அது எத்தகைய இடியாயிருந்திருக்கும்! எனினும் இருவரும் பிரிந்தாரல்லர். மறு ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய மெய்வல்லுநர் போட்டியில் உஷா ஐந்து தங்கப் பதக்கங்கள் வென்றார். அந்த நூறிலொரு பங்கு எங்கே, என் மாணவனின் நான்காமிடம் எங்கே!

மறுநாள் மாலை வெள்ளவத்தைக்குச் சென்று அவனிடம் என் தவற்றைச் சொன்னேன். அவன் தலைகுனிந்து நின்றான். நெடுநேரங் கழித்து, "இனியும் நான் ஓடவேண்டுமா, சேர்?" என்றான். "உன் விருப்பம்" என்றேன். அச்சொல் அதற்குமுன் என் வாயில் வந்ததில்லை.

அடுத்த தவணை அவன் உதைபந்தாட்டத்திற் சேர்ந்தான். எனக்கு வருத்தந்தான்; மறைப்பானேன்? ஒருநாள் மைதானத்து ஓரமாகப் போகையில், பந்தை விரட்டி ஓடிக்கொண்டிருந்தான். ஓடும்போது அவன் சிரிப்பதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.